ஓடியவன் ஏன் ஓடினான்? நின்றவன் ஏன் நின்றான்?

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், பைக்காராவைக் கடந்தால் நடுவட்டம். அதற்கப்பால் மலை மேற்கே சரிகிறது. முகில் கீழிருந்து மேலேறி வருகிறது. கண் எட்டும் தொலைவெல்லாம் தேயிலை. அந்தப் பசுமையின் நடுவே, கற்சுவரும் இரும்புக் கம்பியுமாக ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. மாளிகையன்று, கோயிலுமன்று, சிறைச்சாலை!

நாம் பாடம் பயிற்றும் மாணவர்களைச் சென்ற ஆண்டு அங்கே அழைத்துச் சென்றோம். திரும்பியபின், “இச்சிறையில் அடைபட்டிருந்த ஒருவனைத் தலைவனாக வைத்து ஒரு கதை எழுதுக” என்று பணித்தோம். முப்பதுக்கு மேற்பட்ட ஏடுகள் நம் மேசைக்கு வந்தன. ஏறத்தாழ எல்லாக் கதைகளிலும் கைதி தப்பி ஓடினான். ஏன் ஓடினான்? “அவன் கெட்டவன், ஆதலால் ஓடினான்” என்று சிலர் எழுதினர். “விதி அழைத்தது, ஓடினான்” என்று சிலர் எழுதினர். மற்றவர்கள் காரணமே கூறவில்லை. ஓட விட்டனர், அவன் ஓடினான்.

சிரிக்கத் தோன்றிற்று; ஆனால் சிரிக்கவில்லை. காரணம், நம் பெட்டிக்குள் பாதியில் நின்றுபோன ஒரு புதினம் கிடக்கிறது. அதிலும் ஒருவன் நடுவட்டத்திலிருந்து ஓடுகிறான். அவன் ஓடிய இடத்தில் அடுக்கடுக்காய் எதுகையும் மோனையும் தொடுத்து, “ஊழின் கை உந்திற்று” என்று எழுதி மகிழ்ந்திருந்தோம். படித்த நண்பர் ஒரே வினாத்தான் கேட்டார்: “எல்லாம் சரி, அவன் ஏன் ஓடினான்?” விடை சொல்ல நாவெழவில்லை. மாணவன் மூன்று சொற்களில் செய்த பிழையை ஆசிரியர் முந்நூறு சொற்களில் செய்திருந்தார். வேறுபாடு அவ்வளவே!

அந்த வினாவுக்கு விடை தேடி நடுவட்டத்தின் வரலாற்றைப் புரட்டினோம். புதினம் எழுத முனைவோர் யாவரும் அறியவேண்டிய பாடம் ஒன்று அங்கே கிடைத்தது.

கொய்னாவும் கைவிலங்கும்

காய்ச்சல் என்னும் கொடிய பகைவன் வெள்ளையரின் படையை வாட்டிய காலம் அது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897 இல். அதற்கு நெடுங்காலம் முன்பே, நோய் எங்கிருந்து வருகிறது என்று அறியாவிடினும், எது அதைத் தணிக்கும் என்று மக்கள் அறிந்திருந்தனர். தென்னமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையே அது. 1820 இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் அம்மரத்தைத் தம் ஆட்சிப் பகுதியில் வளர்த்துவிடவேண்டும் என்று ஆங்கிலேயர் துடித்தனர்; சாவகத்தில் ஒல்லாந்தரும் அவ்வாறே முயன்றனர்.

கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவர் 1860 இல் பெரு நாட்டுக் காடுகளில் அலைந்து நாற்றுகளைத் திரட்டினார். தம் மண்ணின் செல்வம் வெளியேறுவதை அந்நாட்டார் விரும்பவில்லை. எதிர்ப்புக்கிடையேதான் அவை கப்பலேறின. ரிச்சர்டு ஸ்புரூசு முதலியோர் ஈக்குவடோர் நாட்டிலிருந்து வேறு விதைகளும் நாற்றுகளும் அனுப்பினர். நீலகிரியில் அவற்றை வளர்க்கும் பொறுப்பு, உதகை அரசினர் தோட்டத்தை உருவாக்கிய மக்கைவரிடம் விடப்பட்டது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860களின் தொடக்கத்தில் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன.

மரம் வந்தது; மண் இருந்தது; மழை இருந்தது. காடு வெட்டக் கை வேண்டுமே! குளிரும் அட்டையும் நிறைந்த காட்டுக்குக் கூலியாட்கள் எளிதில் வரவில்லை. ஆகவே கைதிகள் கொண்டுவரப்பட்டனர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய கடற்கரைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்தியாவை ஆண்ட அரசின் கீழேயே இருந்தன. அங்கே சிறைகளில் இடம் போதவில்லை. அங்கிருந்த சீனக் கைதிகள் கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டு, நீலகிரி மலைக்கு ஏற்றப்பட்டனர். உலகின் காய்ச்சலைத் தணிக்கும் மருந்து, காலில் விலங்கு பூண்ட கைகளால் இம்மலையில் பயிராயிற்று!

இவர்கள் அபினிப் போரில் பிடிபட்ட போர்வீரர்கள் என்றொரு செய்தியும் மலையில் வழங்குகிறது. ஏடுகளோ குற்றத் தண்டனை பெற்றவர்கள் என்கின்றன. கதை எழுதுவோர் இவ்வேறுபாட்டை எளிதாக எண்ணலாகாது. போர்வீரன் ஓடினால் அவன் பகைவரிடமிருந்து மீள்கிறான். மானம் அவனைத் துரத்துகிறது. குற்றவாளி ஓடினால் அவன் தண்டனையிலிருந்து மீள்கிறான். அவன் செய்த குற்றம் யாது, அதற்கு விதித்த ஆண்டு எத்தனை, கழிந்தது எத்தனை என்ற கணக்கு உடன் வருகிறது. ஓட்டம் ஒன்றே, ஓடும் உள்ளம் வேறு. கைதி யார் என்று தெரியாமல் அவன் கால்களை மட்டும் ஓடவிட்டால், அது கதையாகாது, பொம்மலாட்டமாகும்.

பன்னிருவர் ஓடினர்

நீலகிரி மாவட்டத்தைப் பற்றி 1908 இல் ஆங்கில அரசு வெளியிட்ட விவரச் சுவடியில் நெஞ்சை நடுங்கவைக்கும் நிகழ்ச்சி ஒன்று உள்ளது. 1860களின் பிற்பாதியில், புயலும் மழையும் சீறிய ஓர் இரவில், நீலகிரிச் சிறையிலிருந்த சீனருள் பன்னிருவர் தப்பினர். துப்பாக்கி ஏந்திய காவலர் குழுக்கள் மலையெங்கும் அலைந்து தேடின. இரு வாரம் கழித்து மலையாளக் கரைப் பகுதியில் அவர்கள் பிடிபட்டனர். அவர்களிடம் காவலர்க்குரிய படைக்கலங்கள் இருந்தன! தேடப்போன குழுக்களுள் ஒன்று மட்டும் திரும்பவில்லை. மலையை அலசியபோது, சிஸ்பாரா மலைப்பாதையின் நடுவழியிலுள்ள வாளக்காட்டில் நால்வர் உடல்கள் கிடைத்தன. வரிசையாகக் கிடத்தப்பட்டு, வெட்டுண்ட தலைகள் தோள்களின்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. பணிவதுபோல் நடித்து, நெருங்கியபின் பாய்ந்து, காவலரின் கருவியாலேயே அவர்களைக் கொன்றனர் என்று சுவடி முடிவு கூறுகிறது.

நடந்தது இது. ஏன் நடந்தது? சீனர் தந்திரக்காரர், அதனால் நடந்தது! அரசின் ஏடு இவ்வளவோடு நின்றுவிடுகிறது. இது காரணமா? அன்று, வசை. “கெட்டவன், ஆதலால் ஓடினான்” என்று நம் மாணவன் எழுதியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஓர் இனத்தின்மேல் ஒரு குணத்தை ஒட்டிவிட்டு, அந்தக் குணத்தையே அவ்வினத்தார் செயலுக்குக் காரணமாகக் காட்டுவது சோம்பலின் வேலை. அந்தச் சோம்பல் வரலாற்றில் புகுந்தால் கொடுமை. கதையில் புகுந்தால் பொய். ‘அந்தச் சாதியான் அப்படித்தான்’ என்னும் பேச்சை நம் ஊர்த் திண்ணைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

இனி, புதினம் எழுதுவோன் கேட்கவேண்டிய வினாக்களைப் பார்ப்போம். ஏன் புயலிரவு? காவலன் கம்பளிக்குள் ஒடுங்கும் இரவு அது. காலடி ஓசையை மழை விழுங்கும் இரவு அது. ஏன் கிழக்கே கோவைச் சமவெளிக்கு இறங்காமல் மேற்கே மலையாளக் கரைக்கு இறங்கினர்? மேற்கே கடல், கடலில் கப்பல், கப்பல் வழியே வந்தவனுக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியும் கப்பலாகத்தானே தோன்றும்? இது நம் ஊகம், சுவடியில் இல்லை. ஆயினும் சுவடியில் உள்ள திசையை வைத்து எழுந்த ஊகம். காற்றிலிருந்து பறித்ததன்று.

கொன்றவர்கள் ஏன் தலைகளை மீண்டும் தோள்மேல் ஒழுங்காக வைத்தனர்? வெறியா? எச்சரிக்கையா? இறந்தோர் உடல் குறையுடன் கிடத்தலாகாது என்னும் அச்சமா? ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு மனிதனை உருவாக்கும். எந்த விடையைத் தேர்ந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் அம்மனிதன் பேசும் பேச்சும் செய்யும் செயலும் அதற்கு இசையவேண்டும். மடிந்த நால்வரையும் மறத்தலாகாது. அவர்களுக்கும் வீடு இருந்திருக்கும். அந்த மழையில் அவர்களைக் காட்டுக்கு அனுப்பியதும் ஓர் ஆணையே. ஓடியவனுக்குக் காரணம் தேடும் எழுத்தாளன் துரத்தியவனுக்கும் காரணம் தேடவேண்டும். செயலின் காரணத்தை விளக்குவது செயலை மன்னிப்பதாகாது. கொலை கொலையே, ஆனால் கொலைஞன் ஒரு மனிதன் என்று காட்டியபிறகே அக்கொலை நம்மை உலுக்கும்.

மூக்கை அளந்தவர்

ஓடியவர் கதை இது. நின்றவர் கதை இன்னும் வியப்பானது.

சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் பெருநூலை 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலுள்ள மலைச்சரிவில் சீனர் சிலர் குடியமர்ந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு அடக்கமாக வாழ்ந்ததை அவர் கண்டு எழுதியுள்ளார். தண்டனை தீர்ந்தும் அவர்கள் ஊர் திரும்பவில்லை. தீண்டத்தகாதார் என்று ஊர் ஒதுக்கிவைத்த குலத்தில் பிறந்த தமிழ்ப் பெண்களோடு இல்லறம் அமைத்தனர்; மக்களைப் பெற்றனர்.

தர்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? அளவுகோலை எடுத்தார்! தந்தையின் தலையை அளந்தார். தாயின் மூக்கை அளந்தார். பிள்ளைகளின் தலையையும் மூக்கையும் அளந்தார். தோலின் நிறத்தையும் கண்ணின் சாய்வையும் குறித்தார். எண்களைப் பட்டியலிட்டார். மூக்கின் நீள அகலம் இன்றும் ஏட்டில் உள்ளது. அந்த மூக்கு உயிர்த்த மூச்சின் கதை இல்லை.

ஆயினும் ஒரு பொறி அவர் ஏட்டில் தப்பி வந்து விழுந்திருக்கிறது. அச்சீனத் தந்தைக்கு இருந்த மனக்குறை ஒன்றே ஒன்று என்று தர்ஸ்டன் குறிக்கிறார். கிறித்துவ சமயத்தில் சேர்ந்தபோது அவன் தன் நீண்ட சடையை வெட்டிவிட நேர்ந்ததாம். அவ்வளவுதான்! எழுதியவர் அதை வேடிக்கையாக எண்ணி எழுதியிருக்கலாம். எண்ணிப் பாருங்கள்: சிறைப்பட்டான், கடல் கடத்தப்பட்டான், காடு வெட்டினான், இவையெல்லாம் குறையில்லையாம், மயிர் போனது குறையாம்!

இங்கேதான் வரலாற்றறிவு புதின ஆசிரியனுக்குக் கைகொடுக்கிறது. சீனத்தை வென்ற மஞ்சு மரபினர் 1645 இல் ஆணையிட்டனர்: சீன ஆடவர் யாவரும் முன்தலையை மழித்துப் பின்னே சடை வளர்க்கவேண்டும், மறுத்தோர்க்குச் சாவு! 1911 இல் எழுந்த புரட்சியில் அம்மரபு வீழும்வரை, சடையில்லாதவன் அரசுக்கு எதிரி என்னும் ஐயத்துக்கு ஆளானான். அடிமைச் சின்னமாகத் தொடங்கியது, இருநூறு ஆண்டுகளில் ஆண்மையின் அடையாளமாக, ஊர் திரும்பும் உரிமைச் சீட்டாக மாறிவிட்டது. அதை வெட்டியவன் மயிரையா வெட்டினான்? ஊருக்குச் செல்லும் பாதையையே வெட்டிக்கொண்டானோ? அவன் நடுவட்டத்தில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமோ? உறுதி கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு புதினத்தை எழுப்ப இந்த ஓர் ஐயம் போதும். பெரிய காரணங்களைத் தேடி வானத்தைத் துழாவவேண்டா. மனிதன் எதை இழந்ததாகத் தானே சொல்கிறானோ, அங்கே தோண்டவேண்டும்.

அந்தத் தாயை நினைக்கிறோம். அவள் மூக்கின் அளவு உண்டு. அவள் சொல் ஒன்றுகூட இல்லை. மொழி தெரியாத, ஊர் பேர் தெரியாத, சிறை சென்ற ஒருவனை அவள் ஏன் ஏற்றாள்? ‘காதல்’ என்று ஒரு சொல்லில் முடிப்பது, ‘விதி’ என்று முடிப்பதற்குத் தம்பி. தன் ஊரில் கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமை மறுக்கப்பட்டவள் அவள். சாதி என்றால் என்னவென்றே அறியாத ஒருவன், அவள் ஆக்கிய சோற்றை அவளோடு அமர்ந்து உண்டிருக்கலாம். அந்த ஒரு வேளை உணவு எத்தனை வலிய காரணம்! அல்லது, கூலிக்கு வந்த இடத்தில் சொந்தமாக ஒரு காய்கறித் தோட்டமும் மழைக்கு ஒழுகாத கூரையும் கண்டிருக்கலாம். அல்லது இரண்டும். மனிதர் ஒரே காரணத்தால் எதையும் செய்வதில்லை. ஒன்றை வெளியே சொல்வர், மற்றொன்றை உள்ளே வைத்திருப்பர். இரண்டையும் காண்பவனே புதின ஆசிரியன்.

யானை மாலையிலிருந்து ஊர் வம்பு வரை

காரணம் காட்டுவது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த வித்தை என்று கருதுவோர் உளர். அவர்கள் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறக்கட்டும். எட்டு மெய்ப்பாடுகளைக் கூறிய ஆசிரியர், அவற்றுள் ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நந்நான்கு நிலைக்களன்களையும் வகுத்துள்ளார். அழுகையா? இழிவுற்றதாலா, இழந்ததாலா, நிலை தாழ்ந்ததாலா, வறுமையாலா என்று கேள். வெகுளியா? உறுப்பைக் குறைத்ததாலா, குடியைக் கெடுத்ததாலா, அலைக்கழித்ததாலா, கொலையாலா என்று கேள். அச்சத்துக்கும் அவ்வாறே நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், ஆளும் இறை. புயலிரவில் காட்டுக்குள் பாய்ந்த பன்னிருவரை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். காட்டில் புலி உண்டு என்று அறிந்தே பாய்ந்தனர். இறைக்கு அஞ்சிய அச்சம் விலங்குக்கு அஞ்சும் அச்சத்தை வென்றது. சிறையின் கொடுமையைப் பத்துப் பக்கம் வருணிக்கவேண்டா. புலியைவிட அது பெரிதாக இருந்தது என்று காட்டிவிட்டால் போதும்.

இளங்கோவின் காப்பியமும் இதற்குச் சான்று. ஊழ்வினையை உணர்த்துவது தம் நோக்கங்களுள் ஒன்று என்று அவரே முன்னுரைத்தார். அந்த ஊழ்க்கொள்கையை நாம் ஏற்போமா என்பது வேறு. ஆனால் கோவலன் கொலையை அவர் ஊழிடம் மட்டும் விட்டுவிட்டாரா? இல்லை. அரசியின் சிலம்பைத் தானே திருடிய பொற்கொல்லனுக்குப் பழியைச் சுமத்த ஓர் அயலான் தேவைப்பட்டான். ஊடிய அரசியைத் தணிக்க விரைந்த மன்னனுக்கு ஆராய நேரமில்லை. ஊழை நீக்கிவிட்டுப் படித்தாலும் கதை நிற்கிறது! அதுதான் பெரும்புலவன் கட்டிய கட்டடம். நம் முந்நூறு சொற்களிலிருந்து ஊழை நீக்கினால் எஞ்சுவது வெறுந்தாள்.

தமிழ்ப் புதினத்தின் வளர்ச்சியும் ஒருவகையில் காரணம் தேடிய வரலாறுதான். 1879 இல் வெளியான வேதநாயகரின் பிரதாப முதலியார் சரித்திரம் நம் முதற்புதினம். அதில் ஆண் உடையில் சென்ற ஞானாம்பாளின் கழுத்தில் யானை மாலையிடுகிறது, அவள் நாடாள்கிறாள். பெண் ஆளவல்லவள் என்று அக்காலத்தே காட்டிய துணிவுக்கு வணக்கம். ஆயினும் அவளை அரியணை ஏற்றியது யானை. 1896 இல் நூலாக வந்த ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரத்துக்கு வாருங்கள். முத்துஸ்வாமி ஐயர் மனைவியின்மேல் ஐயம் கொண்டு இல்லம் துறக்கிறார். யானை தேவைப்படவில்லை, ஊர் வம்பர் நாவே போதுமானதாயிற்று. பதினேழு ஆண்டுகளுக்குள் தமிழ்ப் புதினம் யானையிலிருந்து இறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கிவிட்டது!

ஓடாதவர் ஏன் ஓடவில்லை?

மலையும் தோட்டமும் பற்றி எழுந்த தமிழர் கதைகளில் இந்நடை இன்னும் உறுதிப்படுகிறது. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935 இல் வந்தது. மருதி என்னும் ஏழைப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டம் சேர்கிறாள். பிழைக்கும் வழி ஊரில் அடைபட்டதைக் காட்டிய பின்னரே ஆசிரியர் அவளைக் கடல் கடத்துகிறார். ஆகவே, “அவள் போகாமல் இருந்திருக்கலாமே!” என்று நாம் சொல்ல முடிவதில்லை.

மருத்துவர் பி. எச். டேனியல் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றியவர். 1969 இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய புதினம், இரா. முருகவேள் கைவண்ணத்தில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாயிற்று. கருப்பனும் வள்ளியும் வால்பாறை மலைக்குச் செல்கின்றனர். அடியும் நோயும் இழிவும் அவர்களை வாட்டுகின்றன. ஓடிவிடலாமே என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் ஆசிரியரின் திறன். புறப்படும்போது வாங்கிய முன்பணம் கணக்கில் ஏறி நிற்கிறது. எத்தனை உழைத்தாலும் தீரவில்லை. கணக்கை எழுதுபவன் கையில் அவர்கள் வாழ்வு. நடுவட்டத்துக் கைதியின் காலில் கிடந்தது இரும்பு. இவர்கள் காலில் கிடந்தது கணக்கு. இரும்பைப் புயலிரவில் உடைக்கலாம். கணக்கை எந்த இரவில் உடைப்பது? ஓடியவனுக்கு மட்டுமன்று, ஓடாதவனுக்கும் காரணம் வேண்டும் என்று அந்நூல் கற்பிக்கிறது.

நம் நீலகிரியிலேயே பிறந்த புதினம் ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித்தேன். 1963 இல் வந்தது. படகர் குடியில் பிறந்த ஜோகியும் ரங்கனும் ஒரே மலையில், ஒரே காற்றில் வளர்ந்தவர்கள். ஒருவன் மண்ணைப் பற்றி நிற்கிறான். மற்றொருவன் பணம் தேடி நகர் ஏகுகிறான். ஊர் ஒன்று, இனம் ஒன்று, உள்ளம் இரண்டு! இனத்துக்கு ஒரு குணம் என்று எழுதிய சுவடிக்காரர்க்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டுமா? எழுதப்புகும் முன் அந்த மக்களிடையே சென்று, கேட்டு, பழகி, அறிந்து எழுதுவது ராஜம் கிருஷ்ணனின் வழக்கம். உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்றார். ‘முள்ளும் மலர்ந்தது’ எழுதச் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையரையே கண்டு பேசினார். அளவுகோல் ஏந்திச் செல்லவில்லை. செவியை ஏந்திச் சென்றார்.

பாட்டி சொன்ன காரணம்

செவியை ஏந்திச் செல்லுதல்! அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டோம். மாணவர்களுக்கு மறுமுறை வேறு வேலை தந்தோம்: “உங்கள் குடும்பம் இம்மலைக்கு ஏன் வந்தது? எழுதுக.”

இப்பகுதியில் நம் மாணவர் பலர் தாயகம் திரும்பியோரின் வழிவந்தவர்கள். 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டின்படி, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டனர். பண்டமா, பாத்திரமா? மனிதர்கள்! அவ்வாறு வந்தோர்க்கு வேலை தர, 1968 முதல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிற்று.

ஒரு மாணவன் ஒரே வரி எழுதிவந்தான்: “அனுப்பினார்கள், வந்தோம்.” வரலாற்று நூல் சொல்வதும் அதுவே, பிழையில்லை. ஆனால் நம் உள்ளம் ஏற்கவில்லை. “பாட்டி இருக்கிறார்களா? அவர்களைக் கேட்டு வா” என்று அனுப்பினோம்.

மறுநாள் அவன் கொண்டுவந்ததை அவன் சொற்களிலேயே சுருக்கித் தருகிறோம். பாட்டிக்கு அப்போது இருபது வயது. தாய் தந்தையர் இல்லை. அண்ணன் மணமுடித்து, அங்கேயே தங்க எழுதிக்கொடுத்துவிட்டான். தம்பி சிறுவன், சித்தப்பா குடும்பத்தோடு இந்தியா வரும் பட்டியலில் அவன் பெயர். பாட்டி இரண்டில் எதையும் தேர்ந்திருக்கலாம். பிறந்து வளர்ந்த மண் அது, தெரிந்த மலை அது, தோழிகள் இருந்தனர். பின் ஏன் வந்தார்கள்? “அண்ணனுக்குச் சோறு பொங்க அண்ணி இருந்தாள் ஐயா. தம்பிக்கு யாரு இருந்தா?”

இவ்வளவுதான். இரு நாட்டுத் தலைவர்கள் ஒப்பமிட்ட உடன்பாட்டுக்குள்ளே, இலக்கக்கணக்கான எண்களுக்குள்ளே, ஒரு பெண் தன் தம்பியின் உண்கலத்தை நினைத்துக் கப்பலேறினாள். அனுப்பப்பட்டவள் என்று ஏடு சொல்கிறது. அவளோ தேர்ந்து வந்தவள்! ஐம்பது ஆண்டுகளில் அவளை யாரும் இதைக் கேட்கவில்லையாம். பேரன் கேட்டதும் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு ஓயாமல் பேசினாளாம்.

அன்றிரவு நம் பெட்டியைத் திறந்து, ‘ஊழின் கை உந்திற்று’ என்ற வரியை அடித்தோம். அதன் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எழுதும் முன் கேட்கவேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள்.

எழுத முனையும் இளைஞர்களே! உங்கள் கதைமாந்தர் ஓர் அடி எடுத்துவைக்கும்போதெல்லாம் அவர்களை நிறுத்திக் கேளுங்கள்: எந்தக் கதவு உனக்கு அடைபட்டிருந்தது? எது திறந்திருந்தது? திறந்திருந்தவற்றுள் இதையே ஏன் தேர்ந்தாய்? முதல் இரு வினாக்களுக்கு விடை வரலாற்றில் உண்டு; சட்டத்தில், கூலியில், சாதியில், மழையில் உண்டு. மூன்றாவது வினாவுக்கு விடை அந்த மனிதனிடம் மட்டுமே உண்டு. முதல் இரண்டையும் அறியாமல் எழுதினால் கதைமாந்தன் காற்றில் மிதப்பான்; மூன்றாவதை அறியாமல் எழுதினால் கயிற்றில் ஆடுவான்.

நம் முன்னோரை விதியின் பொம்மைகள் என்று சொல்லிவைத்தவர் பலர். எண்களாய் எழுதிவைத்தவர் சிலர். மூக்களவாய்ப் பதிந்துவைத்தவரும் உண்டு. அவர்கள் எண்ணினார்கள், அஞ்சினார்கள், கணக்கிட்டார்கள், தேர்ந்தார்கள் என்று எழுதவேண்டியவர் யார்? நடுவட்டத்துச் சிறைச்சுவர் கேட்காது. நாம்தான் கேட்கவேண்டும், கேட்டு எழுதவேண்டும். பாட்டிமார் இருக்கும்போதே!